நான்காவது நகர்த்தல்

இருபத்திரண்டு நிமிஷம் ஆகிவிட்டது, மனிதர் இன்னும் நான்காவது நகர்த்தலை ஆடியபாடில்லை. செண்பகவல்லி கடிகாரத்தைப் பார்த்தாள், போர்டைப் பார்த்தாள், வேறு வழியில்லாமல் எதிரே உட்கார்ந்திருக்கும் தன் புருஷனைப் பார்த்தாள். கோமதிநாயகம் முழங்கைகளை மேசையில் ஊன்றி, உள்ளங்கைகளால் காதுகளைப் பொத்திக்கொண்டு, கண்ணாடி பாதி மூக்கில் நிற்க, அசையாமல் உட்கார்ந்திருந்தார். பார்க்கிறவர்கள் இங்கே ஏதோ மகா யோசனை நடக்கிறது என்றுதான் நினைப்பார்கள். பத்தொன்பது வருஷம் கூடவே குப்பை கொட்டினவளுக்கல்லவா தெரியும், இட்லிக்கு வீட்டில் அரைப்பதா கடை மாவு வாங்குவதா என்பதற்கும் மனிதர் இதே கோலத்தில்தான் உட்காருவார் என்று. அதற்கே அரைமணி ஆகும், கடைசியில் "நீயே பாத்துச் செய்யி" என்பார். ஆடுங்களேன், என்று மனசுக்குள் சொன்னாள். வெள்ளைக் காய் உங்களுக்கு. உங்கள் ஜென்மத்தில் இந்த ஸ்பானிஷ் ஓப்பனிங்கைத் தவிர வேறு எதையும் தொட்டதில்லை. ராஜா முன் சிப்பாய் இரண்டு கட்டம், குதிரை, அப்புறம் மந்திரி குறுக்கே பாய்ந்து என் குதிரையை முறைத்துக்கொண்டு நிற்கும். இந்த மூன்றையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஆடுவீர்கள், ஆடியும் விட்டீர்கள், அரை நிமிஷம்கூட ஆகவில்லை. நான்காவதற்கு என்ன வந்தது. ஆனால் அவருக்கு என்ன வந்தது என்பது அவளுக்குத் தெரியும். அவள்தான் கொண்டுவந்தாள்.

தூத்துக்குடியின் அந்தக் கல்யாண மண்டபத்தில் நாற்பது மேசை போட்டிருந்தார்கள். மாவட்டத் தேர்வுப் போட்டி, ஏழாவது ரவுண்டு, அதாவது கடைசி. மின்விசிறிகள் தலைக்கு மேலே காற்றைவிடச் சத்தத்தை அதிகம் கொடுத்துக்கொண்டிருந்தன. பின்கட்டில் சாம்பார் கொதித்தது, பெருங்காயம் கொஞ்சம் தூக்கல். மேடையில் முந்தின முகூர்த்தத்தின் தெர்மோகோல் எழுத்துகளை யாரும் இன்னும் பிடுங்கவில்லை. மாப்பிள்ளை பெயர் முழுசாக இருந்தது, பெண் பெயரில் ஒரு 'ர'வும் ஒரு 'தி'யும்தான் மிச்சம். ரதியா, பாரதியா, வேறு ஏதாவது நீளமான பெயரா என்று ஏழு நிமிஷம் அதில் ஓட்டியாயிற்று. 'ர'வுக்கு முன்னால் பசை காய்ந்த தடம் ஒன்று தெரிகிறது, ஆகவே பாரதியாகத்தான் இருக்க வேண்டும். பாரதி என்று பேர் வைத்துவிட்டு எழுத்தை இப்படியா ஒட்டுவது, கால்காசுப் பசை போட்டு. அவளுக்கு யார் மேலோ எரிச்சல் வந்தது, அந்தப் பசை ஒட்டினவன் மேல் இல்லை என்றும் தெரிந்தது. பக்கத்து மேசையில் ஒருவர் பத்தாவது நகர்த்தலுக்குப் போய்விட்டார். அதற்கடுத்த மேசையில் குதிரைகளெல்லாம் வெட்டுப்பட்டு வெளியே கிடந்தன. இந்த நாலாவது போர்டில் மட்டும் காய்கள் முக்கால்வாசி வீட்டிலேயே இருக்கின்றன, இப்போதுதான் பெட்டியிலிருந்து எடுத்து அடுக்கின மாதிரி. ஆட்ட நடுவரான ஆர்பிட்டர் சேவியர் இரண்டு தடவை வந்து நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார். காலையில் கடிகாரம் வைக்க வந்தபோது அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "சார், ஒங்க போர்டுக்குக் கடிகாரம் வேணுமா, நேரா கையெழுத்துத்தானா? சாப்பாடு பன்னெண்டரைக்குத்தான் ஆகும்." கோமதிநாயகம் சிரித்தார். இவளும் சிரித்துத் தொலைத்தாள். அந்தச் சிரிப்பை இப்போது திரும்ப வாங்க முடிந்தால் வாங்கிவிடுவாள்.

சேவியர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. இந்த ஜோடிக்குப் போட்டி விழுந்தால் என்ன நடக்கும் என்பது திருநெல்வேலி முதல் மதுரை வரை செஸ் ஆடுகிறவர்கள் அத்தனை பேருக்கும் தெரியும். குடும்ப டிரா என்றே அதற்குப் பேர். கல்யாணமான மறு வருஷம் மதுரையில், புருஷன் பெண்டாட்டியாக முதல் தடவை எதிரெதிரே விழுந்தபோது, ஐந்தாவது நகர்த்தலில் அவர் மேசைக்கு மேலே குனிந்து, "நமக்குள்ள என்னத்துக்கு மல்லுக்கட்டு, டிரா போட்டுட்டு ஜிகர்தண்டா குடிக்கப் போவோம்" என்றார். அப்போது அது இனிப்பாக இருந்தது. ஜிகர்தண்டாவைச் சொல்லவில்லை, அந்த 'நமக்குள்ள'. புதுசாகக் கல்யாணமானவளுக்கு அந்த ஒரு வார்த்தை போதாதா. அதற்குப் பிறகு ராஜபாளையத்தில் ஒன்று, நாகர்கோவிலில் ஒன்று. நாகர்கோவிலில் இவள் ஒரு சிப்பாய் அதிகமாக வைத்திருந்தாள், ஜெயிக்கிற ஆட்டம், அப்போதும் அவர் கையை நீட்டினார், இவளும் பேசாமல் பிடித்துக் குலுக்கினாள். அந்த ஆட்டத்தை இன்றைக்கும் சில நாள் பாத்திரம் கழுவும்போது மனசுக்குள் ஆடி முடிப்பாள். யானை நடுவரிசைக்கு, ராஜா மேலே, சிப்பாய் நகர்ந்து நகர்ந்து ராணி. அவளுடைய கணக்கில் அவள் அதை நூறு தடவையாவது ஜெயித்திருப்பாள், ஆனால் தாளில் அது அரைப் புள்ளிதான். வீட்டில் ஆடுவது கணக்கில் வராது. வீட்டில் அவர் நகர்த்தினதைத் திரும்ப எடுப்பார். "இரு, இரு, அத நான் பாக்கல" என்று ராணியைத் தூக்கிப் பழைய இடத்தில் வைப்பார், ஒரு தடவை இரண்டு தடவை இல்லை. இவள் ஒரே ஒரு நாள் குதிரையைத் திரும்ப எடுத்ததற்கு, "தொட்டா ஆடணும்லா" என்று பள்ளிக்கூடத்துக் குரலில் சொன்னார். கணக்கு வாத்தியார் அல்லவா.

தொண்ணூறு நிமிஷத்தில் ஆரம்பித்து இறங்கிக்கொண்டிருந்த அவருடைய கடிகாரம் அறுபத்துநாலைக் காட்டியது. அறுபத்துநாலு கட்டம், அறுபத்துநாலு நிமிஷம், என்ன பொருத்தமோ, யாருக்கு வேண்டும் இந்தப் பொருத்தம். விஷயம் ரொம்பச் சின்னது. மாநிலப் போட்டிக்கு மாவட்டத்திலிருந்து நாலு பேர். முதல் மூன்று இடம் மேல் போர்டுகளில் ஏற்கெனவே முடிவாகிவிட்டது. நாலாவது ஆள் இந்த மேசையிலிருந்து எழுந்திருப்பவர். இருவருக்கும் ஆறில் ஐந்து புள்ளி. யார் ஜெயித்தாலும் அவர் கோயம்புத்தூருக்குப் போவார். டிரா ஆனால் இருவரும் சமம், அப்போது வலுவான ஆட்களோடு மோதினவர் யார் என்று பார்ப்பார்கள், அது அவர். ஆக டிரா என்றால் கோமதிநாயகம் போகிறார், செண்பகவல்லி வீட்டுக்குப் போகிறாள். இதைக் காலைப் பஸ்ஸில் வரும்போது அவரே விரல் விட்டு எண்ணிக் காட்டினார், எட்டயபுரம் தாண்டினதும். "கடைசி ரவுண்டு ஒனக்கும் எனக்கும்னு விழுந்தா நல்லதாப் போச்சு. சட்டுனு முடிச்சிட்டு ரெண்டு மணி பஸ்ஸப் புடிச்சிரலாம்." அதை அவள் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார், ஆனால் அந்த முகத்துக்குச் சொந்தக்காரியும் ஐந்து புள்ளியில் நிற்கிறாள் என்பது அவருக்குப் படவில்லை. அவள் ஜன்னல் வழியே உப்பளங்கள் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொல்லாததை அவர் சரி என்று எடுத்துக்கொண்டார், பத்தொன்பது வருஷமாக அப்படித்தான் எடுத்துக்கொள்கிறார், அதில் அவரைக் குறை சொல்லவும் வாய் வரவில்லை, அதுதான் இன்னும் எரிகிறது. வியாழக்கிழமையே லீவு லெட்டர் தயார். "எப்படியும் வேணும்லா, நீ ஆபீஸ்ல அடிச்சு வச்சிரு." வக்கீல் ஆபீஸ் டைப்பிஸ்ட் பெண்டாட்டியாக இருந்தால் இது ஒரு வசதி. மாநிலப் போட்டியில் கலந்துகொள்ள வேண்டியிருப்பதால் நான்கு நாள் விடுப்பு வழங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அடித்தது அவள் விரல். ஒரு பிழை இல்லாமல் அடித்துக் கொடுத்தாள். 'பணிவுடன்' என்பதைக்கூட அவளேதான் சேர்த்தாள்.

அப்படியும் அவள் டிராவுக்குத்தான் வந்து உட்கார்ந்தாள். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. மூன்று மாசமாக வக்கீல் கோர்ட்டுக்குப் போனதும் போனில் வீடியோ போட்டு ஒரு முரட்டு ஓப்பனிங்கைப் படித்துக்கொண்டிருந்தாள்தான், யாரோ ஒரு வெள்ளைக்காரர் பேர் வைத்தது, ஆனால் அது சும்மா, பார்க்க நன்றாக இருக்கிறது என்று. இதை இவர்மேல் பாய்ச்ச வேண்டும் என்று நினைக்கவே இல்லை. முதல் நகர்த்தலுக்கு முன்னால் இரண்டு பேரும் ஆட்டத்தாளை நிரப்பினார்கள். அவர் எழுதுவதை இவள் தலைகீழாகப் படித்தாள், வக்கீல் மேசைக்கு எதிரே உட்கார்ந்து உட்கார்ந்து தலைகீழ் எழுத்து அவளுக்கு நேர் எழுத்து மாதிரி. பெயர் எழுதினார். எதிராளி பெயர், போர்டு நாலு, ரவுண்டு ஏழு, தேதி. பேனா நிற்கவில்லை. முடிவு என்று கீழே இருந்த கட்டத்துக்கு அதே வேகத்தில் இறங்கிப் போய் அரை, ஒரு கோடு, அரை என்று டிராவை எழுதிவிட்டு மூடிக்குள் போனது. ஒரு காயும் நகரவில்லை. கடிகாரமே ஓடவில்லை. வேறு யாராவது எதிரே இருந்தால் அவர் இதைச் செய்வாரா, ஒரு பத்து வயசுப் பொடிசு உட்கார்ந்திருந்தால்கூடச் செய்ய மாட்டார். கெட்ட எண்ணம் என்று சொல்ல முடியாது, அதைத் தான் எழுதினதே அவருக்குத் தெரியாது என்று சத்தியம் பண்ணலாம், தேதி எழுதுகிற மாதிரிதான் எழுதினார். அவள் தேதி மாதிரி ஆகிவிட்டாள். சேவியர் வந்து கடிகாரத்தைத் தட்டினார். சிப்பாய், சிப்பாய், குதிரை, குதிரை, மந்திரி. இந்த இடத்தில் அவள் வலது ஓரத்துச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ள வேண்டும், பத்தொன்பது வருஷமாக அதுதான் தள்ளப்படுகிறது. விரல் அங்கேதான் போனது. போய், திரும்பி, ராஜாவை ஒட்டின மந்திரிக்கு முன்னால் நின்ற சிப்பாயைப் பிடித்து இரண்டு கட்டம் தள்ளிவிட்டது. தன் ராஜாவின் வாசலைத் தானே திறந்து போட்டுவிட்டு, வா, வந்து அடி, நானும் அடிக்கிறேன் என்கிற நகர்த்தல். அந்தச் சிப்பாய் அங்கே போய் நின்றதிலிருந்து கோமதிநாயகம் காதைப் பொத்தினவர்தான்.

ஐம்பத்தெட்டு. என்னதான் யோசிக்கிறார். டிரா எங்கே போனது என்று யோசிக்கிறாரா, கை தவறித் தள்ளிவிட்டேன் என்று நினைக்கிறாரா, வீடாக இருந்தால் இந்நேரம் "அத எடுத்து வை, தப்பா வச்சிட்ட" என்று சொல்லியிருப்பார், இங்கே அதைச் சொல்ல முடியாமல் தவிக்கிறாரா. அல்லது நிஜமாகவே ஆட்டத்தைத்தான் யோசிக்கிறாரோ. அது தோன்றியதும் அவள் தன் சிப்பாயைத் திரும்பப் பார்த்தாள். ஏனென்றால் அந்தச் சிப்பாய்த் தள்ளல் அப்படியொன்றும் பத்திரமான சரக்கு இல்லை, வீடியோக்காரனே இரண்டு இடத்தில் இழுத்து இழுத்துப் பேசினான். நாற்பது நிமிஷம் யோசித்தால் யாரும் ஓட்டையைக் கண்டுபிடித்துவிடலாம். கண்டுபிடித்து, பதினைந்து நகர்த்தலில் அவளை மண்ணைக் கவ்வ வைத்து, அதற்கப்புறம் ரெண்டு மணி பஸ்ஸில் கோவில்பட்டி வரைக்கும் ஒரு மணி நேரம் அதை விளக்குவாரே, சாக்பீஸ் இல்லாத குறையாக. தோற்கிறதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம், அந்த விளக்கத்தை எப்படித் தாங்குவது. இதெல்லாம் எதற்கு. கோயம்புத்தூரில் அவளுக்கு என்ன வைத்திருக்கிறது. அங்கே போனால் முதல் இரண்டு ரவுண்டிலேயே அடித்துத் துவைத்துக் காயப்போடுவார்கள். ஆனால் அங்கே யாரும் அவளை 'சார் வீட்டம்மா' என்று கூப்பிட மாட்டார்கள். இந்த மண்டபத்தில் ஐந்து புள்ளி எடுத்த பிறகும் அவள் சார் வீட்டம்மாதான், நேற்று ஒருவரைத் தோற்கடித்ததற்கு அவர் எழுந்துபோய் இவள் புருஷனிடம், "நல்லாச் சொல்லிக் குடுத்திருக்கீங்க சார்" என்று கை குலுக்கினார். கோமதிநாயகம் அதையும் வாங்கிக்கொண்டார். அவர் சொல்லிக் கொடுத்தாராம். இந்த மனிதரை அவள் முதன்முதலில் பார்த்ததே ஒரு போர்டுக்கு எதிரில்தான், பல்கலைக்கழகப் போட்டியில், அவள் இரண்டாம் வருஷம், அவர் பி.எட். இருபத்துமூன்று நகர்த்தலில் அவரைத் தோற்கடித்தாள். அதற்கப்புறம்தான் சித்தியை அனுப்பிப் பெண் கேட்டார். தோற்கடித்தவளைக் கட்டிக்கொண்டால் அதற்குப் பிறகு தோற்க வேண்டியதில்லை என்று கணக்குப் போட்டாரோ என்னமோ, கணக்கு வாத்தியார்.

ஐம்பத்துமூன்று. மனிதர் அசையவே இல்லை. கண்ணிமைகூட அசைந்த மாதிரி தெரியவில்லை. காலையில் மாத்திரை போட்டாரா. போட்டார், பஸ் ஸ்டாண்டில் போட்டார், அதற்கப்புறம் சாப்பிட்டது இரண்டே இட்லி, மூன்றாவதை வேண்டாம் என்று தள்ளிவிட்டார், போட்டி நாளில் அவருக்கு வயிறு இறங்காது. மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை சரசரவென்று இறங்கும் என்று டாக்டர் எத்தனை தடவை சொல்லியிருக்கிறார். போன ஆடியில் பள்ளிக்கூடத்தில் இப்படித்தான், கரும்பலகையைப் பார்த்தபடியே நின்றுவிட்டாராம், யோசிக்கிறார் என்று நினைத்துக்கொண்டு வகுப்பே கால்மணி நேரம் சத்தம் போடாமல் இருந்திருக்கிறது. செண்பகவல்லியின் கை காலடியில் இருந்த பைக்குப் போனது. அவளுடைய பையில் சாக்லேட் இருக்கிறது, எப்போதும் இருக்கும். கூப்பிட்டுக் கேட்டுவிடலாம், "என்னங்க, என்ன செய்யுது" என்று. ஆட்டத்தின் நடுவே எதிராளியிடம் பேசக் கூடாது. பேசினால்தான் என்ன, சட்டம் பெரிதா ஆள் பெரிதா. எழுந்து சேவியரைக் கூப்பிடவா. குனிந்து அவர் மேலுதட்டைப் பார்த்தாள். சர்க்கரை இறங்கினால் முதலில் அங்கேதான் முத்து முத்தாக வியர்க்கும், அது டாக்டருக்குக்கூடத் தெரியாது, அவளுக்குத்தான் தெரியும். உதடு உலர்ந்து கிடந்தது. ஒரு சொட்டு இல்லை. அப்போது கோமதிநாயகம் வலது கைச் சுண்டுவிரலைக் காதுக்குள் விட்டுச் சாவகாசமாகக் குடைந்துகொண்டார். பதறின பதற்றத்துக்கு அவளுக்கு வந்த ஆத்திரத்தில் அந்தச் சாக்லேட்டை எடுத்துத் தானே தின்றால் என்ன என்று இருந்தது. இப்படித்தான், நாகர்கோவிலிலும் இப்படித்தான். ஜெயிக்கிற ஆட்டத்தை வைத்துக்கொண்டு, பாவம் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லையே என்று நினைத்தாள், அவர் கை நீண்டது, இவள் கையும் நீண்டுவிட்டது. அவர் கேட்டு வாங்கினது பாதி என்றால் இவளாகக் கொடுத்தது மீதிப் பாதி. அதை இத்தனை வருஷமாக ஒருநாளும் நேராகப் பார்த்ததில்லை. இன்றைக்கு வேறு வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்ததால் பார்க்க வேண்டியதாகிவிட்டது.

ஐம்பதுக்கு ஒரு நிமிஷம் இருக்கும்போது கைகள் காதைவிட்டு இறங்கின. அப்பாடா என்றிருந்தது. வலது கை போர்டுக்கு மேலே வந்தது, எந்தக் காய்க்குப் போகும் என்று அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். எந்தக் காய்க்கும் போகவில்லை. காய்களுக்கு மேலாகவே கடந்து வந்து, அவளுக்கு முன்னால் விரித்து நின்றது, குலுக்குவதற்கு. "சரி, டிரா," என்றார் அவர். நாற்பது நிமிஷம் யோசித்தது இதற்குத்தான்.

"ஆடிட்டுக் கேளுங்க," என்றாள் செண்பகவல்லி.

"என்னது?"

"ஒரு காயை ஆடிட்டுத்தான் டிரா கேக்கணும். அதான் சட்டம்."

கோமதிநாயகம் அப்போதுதான் போர்டைவிட்டுத் தலையைத் தூக்கி அவள் முகத்தைப் பார்த்தார். கை இன்னும் அங்கேயே இருந்தது. "ஏளா, என்ன வெளையாட்டு இது. லீவெல்லாம் சொல்லியாச்சு" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார். இரண்டு மேசை தள்ளி நின்ற சேவியர் திரும்பிப் பார்த்தார். "பேசாதீங்க, ஆர்பிட்டர் பாக்காரு" என்றாள் அவள். குரல் நடுங்கியதோ என்று சந்தேகமாக இருந்தது, நடுங்கினால் நடுங்கட்டும். அவர் கையை மெல்ல இழுத்துக்கொண்டார். என்ன ஆடுவது என்று அந்த நாற்பது நிமிஷத்தில் அவர் ஒரு தடவைகூட நினைத்துப் பார்க்கவில்லை என்பது அவர் காய்களைப் பார்த்த விதத்திலேயே தெரிந்தது. பிறகு ராணிக்கு முன்னால் இருந்த சிப்பாயை ஒரே ஒரு கட்டம் நகர்த்தினார், கடிகாரத்தை அமுக்குவதற்கு முன் அவளை நிமிர்ந்து பார்த்து, "டிரா?" என்றார்.

இந்தத் தடவை அது கேள்வியாகவே இருந்தது. அவர் குரலில் இப்படி ஒரு கேள்வியை அவள் கேட்டதே இல்லை, பெண் பார்க்க வந்த அன்றுகூட. நாற்பத்தேழு வயசாகிறது. இருபது வயசிலிருந்து மாநிலப் போட்டிக்கு முட்டி மோதி மூன்று தடவை அரைப் புள்ளியில் விட்டவர். அடுத்த வருஷம் இந்த மேசைகளில் முக்கால்வாசி பள்ளிக்கூடப் பிள்ளைகள் உட்கார்ந்துவிடுவார்கள், அதற்குப் பிறகு அவருக்கு வழி கிடையாது, அதுவும் அவளுக்குத் தெரியும். பாவமாகத்தான் இருந்தது, ரொம்பவே பாவமாக இருந்தது, ஆனால் அந்தப் பாவத்துக்கும் இந்த ஆட்டத்துக்கும் சம்பந்தமில்லை என்பதும் கூடவே இருந்தது.

"வேண்டாம்," என்றாள்.

ஒரே வார்த்தை. பஸ்ஸிலேயே சொல்லியிருக்கலாம், இவ்வளவு சின்னது என்று தெரிந்திருந்தால். அவர் கடிகாரத்தை அமுக்கினார், அவளுடைய நேரம் ஓட ஆரம்பித்தது. செண்பகவல்லி போர்டைப் பார்த்தாள், பார்த்ததும் பகீரென்றது. இந்த நகர்த்தல் அவளுக்குத் தெரியாது. அவர் சிப்பாயை வெட்டினால் என்ன, குதிரையை இறக்கினால் என்ன என்றெல்லாம் படித்து வைத்திருக்கிறாள், ராணிச் சிப்பாய் ஒரு கட்டம் என்பது வீடியோவின் கடைசியில் வருகிறது, அதற்குள் அன்றைக்கு வக்கீல் வாய்தா வாங்கிக்கொண்டு வந்து நின்றுவிட்டார். இனிமேல் யாரும் சொல்லித் தரப்போவதில்லை. தோற்கலாம். நன்றாகவே தோற்கலாம். பயமாக இருந்தது, பயத்துக்கு அடியில் சந்தோஷமாகவும் இருந்தது, இருபத்துமூன்று நகர்த்தலில் ஜெயித்த அந்தப் பெண்ணுக்கு இருந்ததைப் போல. கோமதிநாயகம் நாற்காலியில் நெளிந்தார், செருமினார், கடிகாரத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தார். அவளுடைய பக்கத்தில் ஒன்றரை மணி நேரம் தொடாமல் அப்படியே கிடந்தது. அவள் அவசரப்படவில்லை. காத்திருக்கட்டும்.